முதலில் போயிருக்க வேண்டிய இடம்

ருமேனியாவில் சுச்சாவா நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பெந்தெகொஸ்தே சபையில், ஒருவரையொருவர் பார்த்தால் ‘சமாதானம்’ என்றுதான் சொல்வோம். தொதோசியாவும் அவள் அண்ணன் இலாரியோனும் ஒன்பது வருஷமாக முகத்தைப் பார்க்காமலே அதைச் சொல்லிக்கொண்டார்கள்.

இலாரியோன் சபை மூப்பர். தொதோசியாவின் மகள் எஸ்தெரா ஆர்த்தடாக்ஸ் பையன் ஒருவனை அவர்கள் கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டாள். அவளைச் சபையிலிருந்து நீக்க வேண்டும் என்று எழுந்து நின்றவர் தாய்மாமனான இவர்தான். எஸ்தெராவும் அங்கேதான் நின்றாள். பாஸ்டர் தொதோசியாவைப் பார்த்து, “ஏதாவது சொல்லணுமா, சகோதரி?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். சபையின் சமாதானம் தன்னால் கெட வேண்டாம் என்று நினைத்தாள். எஸ்தெராவை நீக்கிவிட்டார்கள். அந்த மாதமே அவள் ருமேனியாவே வேண்டாமென்று ஸ்பெயினுக்குப் போய்விட்டாள்.

போன மாதம், சபையார் அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறு காலை, தொதோசியா அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

“அண்ணா, மனசுல வச்சுக்கிட்டு அப்பத்தத் தொட முடியல. பேசித் தீத்துக்கலாம்.”

இலாரியோன் கண்ணாடி முன் டை கட்டிக்கொண்டிருந்தார். “பேச என்ன இருக்கு? நான் உன்ன எப்பவோ மன்னிச்சிட்டேன்.”

“என்னையா? நான் என்ன செஞ்சேன்?”

“ஒம்போது வருஷமா மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சியே, அதுக்கு. கெளம்பு, நேரமாச்சு.”

ஆராதனையில் அவரே எழுந்து, தங்கையோடு சமாதானமாகிவிட்டதாகச் சாட்சி சொன்னார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு பாஸ்டர் பேசினார். உனக்கு யார்மேல் கோபம் என்று ஆண்டவர் கேட்கவில்லை. உன்மேல் யாருக்கு மனக்குறையோ, முதலில் அவரிடம் போ என்கிறார். தொதோசியா எத்தனையோ முறை கேட்ட பேச்சுதான். அன்றைக்குச் சுருக்கென்றது. காலையில் தப்பான ஆளிடம் போய் நின்றிருக்கிறாள்.

ரசக்கிண்ணம் வந்தது. குடிக்காமல் அடுத்தவளிடம் நீட்டிவிட்டு எழுந்து போனாள். முற்றத்தில் நின்று போன் போட்டாள்.

“யாராவது செத்துட்டாங்களா?” என்றாள் எஸ்தெரா.

“இல்லடி. அன்னிக்கு நான் வாயத் திறந்திருக்கணும்.”



“நான் மாமாவப் பாத்துக்கிட்டு நிக்கலம்மா. உன்னத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

எஸ்தெரா போனை வைத்துவிட்டாள்.

ஆராதனை முடிந்து இலாரியோன் வேகமாக வந்தார். “கிண்ணத்த விட்டுட்டு எந்திரிச்சுப் போனா எனக்குத்தான அசிங்கம்?”

“நாம ரெண்டு பேருந்தான் அவள வெரட்டினோம், அண்ணா. நீ பேசி, நான் பேசாம.”

“மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? காலைலதான சமாதானமானோம்!”

தொதோசியா வீட்டைப் பார்த்து நடந்தாள். அந்த வாரம் மூன்று முறை போன் போட்டாள். எஸ்தெரா எடுக்கவில்லை.