ஊதாத தண்ணீர்

நாகிதாவின் வாசலில் கோழிச் சிறகை இலையோடு போட்டுவிட்டுத் தும்புவா எட்டி நின்றான். ஊர்த் தலைவர் பங்கிரியின் தம்பி அவன். பயமும் திமிரும் கலந்த முகம். அக்கம்பக்கத்தார் ஈசல் புற்றைச் சுற்றிப் புல் செதுக்குவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"அண்ணன் படுத்த படுக்கையா கெடக்காரு. கோழிக்கு பெங்கே நஞ்சக் குடுத்துக் கேட்டோம். ஒன் பேரச் சொன்னதும் செத்து விழுந்துச்சு. ஊது."

சூனியம் யார் வயிற்றிலும் அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதனால் சிறகு வந்தால் யாரும் சண்டைக்கு நிற்பதில்லை. அதன்மேல் வாய்த் தண்ணீரை ஊதி, 'நோய் என்னால் என்றால் என் சூனியம் குளிரட்டும்' என்று சொன்னால் போதும், மானம் போகாது. ஊதாதவளுக்குத்தான் சூனியக்காரி என்ற பேர் நிலைக்கும்.

"என் மரப்பொம்பள எங்கடா?" என்றாள் நாகிதா.

இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள் அவள். மானி என்ற ரகசிய மந்திரக் கூட்டத்தில் சேர்ந்து, அங்கே கிடைத்த அந்த மரப்பெண் சிலைக்கு எண்ணெய் பூசி, தன் செம்பு வளையத்தை அதன் காதில் மாட்டிய பிறகுதான் மூன்றாவது வயிற்றில் தங்கியது. இப்போது நிறைமாதம். வெள்ளைக்கார அதிகாரி மானியைத் தடை செய்த அன்றே பங்கிரி வீடு புகுந்து மரப்பெண்ணைத் தூக்கிப்போய் அந்த அதிகாரிக்கே பரிசாக நீட்டினான். பாவி, வளையத்தைக்கூடக் கழற்றித் தரவில்லை.

"அது கப்பலேறிப் போச்சு. 'யாரு இந்தப் பொம்பள'ன்னு தொர கேட்டாரு. 'எங்க அப்பத்தா, பெரிய ராணி'ன்னு அண்ணன் அடிச்சு விட்டாரு பாரு! தொர தொப்பியவே கழட்டிட்டாரு!"

சொல்லும்போதே தும்புவாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூட்டமும் சிரித்தது.

நாகிதாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பிரசவத்துக்குள் எப்படியும் மீட்டுவிடலாம் என்று இதுவரை நம்பிக்கொண்டிருந்தாள். இனி எவன் வீட்டிலோ, அவளுடைய வளையத்தோடு, பங்கிரியின் பாட்டியாக அது நிற்கும்.

"ஊதுக்கா. ஊரே பாக்குது." தும்புவாவின் குரல் இறங்கிவிட்டது.

சுரைக்குடுவையை எடுத்து வாய் நிறைய ஊற்றிக்கொண்டாள். தும்புவா நிம்மதியாக மூச்சு விட்டான். அவள் சிறகைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். மடக்கென்று விழுங்கினாள்.

சிரித்த கூட்டம் பின்வாங்கியது.

"ஒங்க அப்பத்தாதான் கப்பல்ல போயிருக்காளே," என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு. "அவள வந்து ஊதச் சொல்லு."