கிட்டங்கி எலி

ஜப்பான்காரன் பங்குனியில் குண்டு போட்ட பிறகு திருகோணமலையில் பாதிச் சனம் இல்லை. அவர்கள் தம்பலகாமம், கந்தளாய் என்று ஓட, விட்டுப்போன வீடுகளில் எலிகள் குடியேறின. பிடிபட்ட எலிகளைத் தொட்டுப் பார்த்து, கொள்ளைநோய் இருக்கிறதா என்று சொல்வதுதான் துறைமுகத்தில் என் உத்தியோகம். ஒரு நாளைக்கு அறுபது எலி. பெருமைக்குச் சொல்லவில்லை, என் விரலுக்குத் தப்பி ஒரு நோய் எலியும் போனதில்லை.

நோய் எலி பிடிபட்ட வீட்டின் கூரையைப் பிரித்துவிடுவார்கள். வீட்டாரை முகாமில் அடைப்பார்கள். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம்: ஊழியர் வீட்டு எலிக்கும், பிடிபட்ட இடம் ‘அரிசிக் கிட்டங்கி’ என்றே எழுதிக் கூட்டில் சீட்டுக் கட்டுவோம். கிட்டங்கி ஆள் குடியிராத சேமிப்புக் கிடங்கு; அதற்குப் புகை போடுவார்கள், கதை முடிந்தது. தொடக்கி வைத்தவன் நான்தான். என் மனைவி புஸ்பராணி ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளை முகாமில் கிடத்த எனக்கு மனமில்லை.

அன்று காலை, எலி பிடிக்கிற ஸெய்னுதீன் கொண்டுவந்த கூடுகளில் ஒன்று மட்டும் சத்தமில்லாமல் இருந்தது. கதவைத் திறந்தேன். எலி ஓடவில்லை. முதுகைக் கூனி, மயிர் சிலிர்த்து, என்னையே பார்த்துக்கொண்டு இருந்தது. கண்ணோரம் செந்நீர் காய்ந்திருந்தது. எத்தனையோ எலி பார்த்தவன் நான், ஆனாலும் பயந்துபோனேன்.

கூட்டோடு மருந்துத் தண்ணீரில் அமுக்கிக் கொன்று, பின்னங்கால் கவட்டில் விரல் வைத்தேன். மஞ்சாடிக் கொட்டை அளவுக்கு நெறி கட்டியிருந்தது. கொள்ளைநோய்தான்.

“கிட்டங்கியில எந்த மூலை?” என்று கூட்டுச் சீட்டைப் பார்த்துக் கேட்டேன்.

ஸெய்னுதீன் தலையைச் சொறிந்தான். “கிட்டங்கி இல்ல ஐயா, உங்கட வீட்டு எலி. நீங்க வெளிக்கிட்ட பிறகு போய் எடுத்தனான். இன்னும் ரெண்டு குசினிக்குள்ள செத்துக் கிடந்ததாம். அம்மா வாலில தூக்கி எறிஞ்சவவாம்.”

மூன்று நாளாகக் கூரையில் எலி ஓடும் சத்தம் இல்லை. கூடு வைத்ததால் தொல்லை ஒழிந்தது என்று நிம்மதியாகப் படுத்திருந்தேன், மடையன். அன்று விடியற்காலையில்கூடப் புஸ்பராணி கூப்பிட்டாள். “இஞ்சருங்கோ, கவட்டுக்குள்ள நெறி கட்டி நோகுது. ஒருக்காப் பாருங்கோ.” சட்டையை மாட்டிக்கொண்டே, “காலில முள்ளுக் குத்தினதுக்குத்தான், மஞ்சள் அரைச்சுப் பூசு,” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஊர் எலிக்கெல்லாம் கவட்டைத் தடவுகிறவன், அவளைத் தொட்டுப் பார்க்கவில்லை.

சீட்டை அறுத்தேன். புதிய சீட்டில் என் வீட்டு இலக்கத்தை எழுதிக் கட்டி, “பெரிய டொக்டரிட்டக் குடு,” என்று ஸெய்னுதீனிடம் நீட்டிவிட்டு ஓடினேன். வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில் ஒரு காகம்கூட இல்லை.

கதவைத் திறந்தேன். புஸ்பராணி எழும்பவில்லை. குசினியில் அடுப்பு மூலையில் முதுகைக் கூனி, தலை கலைந்து, சிவந்த கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

“வந்திட்டீங்களா?” என்றாள். “இப்பவாவது ஒருக்காத் தொட்டுப் பாருங்கோவன்.”

என் கை நீளவில்லை. அங்கே என்ன இருக்கும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது.