மூன்றாம் முறை கை தூக்காதவள்

முதலாளி தொழிலை இழுத்து மூடிவிட்டுப் போனபோது, தையல் கூடத்தில் இருந்தவர்கள் மூலைக்கொருவராகச் சிதறிப்போகவில்லை. கூட்டாகச் சேர்ந்து அதே கூடத்தை வாடகைக்குப் பிடித்து, பள்ளிச் சீருடை தைக்க ஆரம்பித்தார்கள். முதலாளி இல்லை, எல்லோரும் பங்காளி. வருஷத்துக்கு ஒருமுறை கை தூக்கித் தலைவரைத் தேர்ந்தெடுப்பது என்று பேச்சு. முதல் வருஷம் எல்லாக் கையும் துணி வெட்டும் மாஸ்டருக்கே உயர்ந்தது. மறு வருஷமும் அப்படியே.

அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாஸ்டர் தங்கமான மனிதர். அவருக்கு ஓடியாடி வேலை பார்க்கத் தெரியும், ஒருவரையும் கடிந்து பேசத் தெரியாது. அவர் மனைவி அங்கேயே சட்டைகளில் பட்டன் மாட்டும் துளைகளுக்குக் காஜா எடுத்தாள். எல்லோருக்கும் அவள் காஜா அக்கா.

ஒரு மத்தியானம் மாஸ்டர் துணி வாங்க வெளியே போயிருந்தார். இஸ்திரி மேஜையின் ஆவி கூடம் முழுக்கப் பரவி, எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது.

"ஜன்னலைத் திறந்தா என்ன?" என்றாள் காஜா அக்கா.

காலர் தைக்கும் பெண் தயங்கினாள். "மாஸ்டர் வரட்டுமே அக்கா. வெள்ளைத் துணியில தூசி படும்னு ஏதாவது சொல்வாரு."

"சொன்னாரா?"

"சொல்லல. சொன்னா?"

காஜா அக்கா எழுந்து போய்த் திறந்தாள். காற்று வந்தது. கூடவே, "மாஸ்டர் சம்சாரம், அவங்களுக்கென்ன" என்று ஒரு முணுமுணுப்பும் வந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. பழைய முதலாளியம்மாவைப் பற்றி இதே குரலில் அவளே பேசியிருக்கிறாள்.

அன்று ராத்திரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது பேச்செடுத்தாள். "என்னங்க, இந்த வருஷம் தலைவர் பதவிய வேற யாருக்காவது விட்டுடுங்களேன்."

"ஏன், நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. ஆனா ஒரு ஜன்னலத் திறக்கக்கூட உங்க முகத்தைப் பாக்கறாங்க."

"அதுக்கு நான் என்ன செய்ய? நானா பாக்கச் சொன்னேன்?" மாஸ்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "கட்டினவளுக்கே என் மேல நம்பிக்கை இல்லன்னா மத்தவங்கள என்ன சொல்றது!"

மூன்றாம் வருஷக் கூட்டத்தன்று வழக்கம்போல மாஸ்டர் பெயரைச் சொன்னார்கள். கைகள் உயர்ந்தன. காஜா அக்காவின் கை மடியிலேயே கிடந்தது. எழுந்து நின்றாள்.

"ஒரே ஆள் தொடர்ந்து தலைவரா இருக்க வேண்டாம். மாறி மாறி இருப்போம்."

பட்டன் தைக்கும் பெரியம்மா சிரித்தாள். "ஏண்டியம்மா, வீட்டுச் சண்டையை இங்க இழுத்துட்டு வந்துட்டியா?"

கூடமே சிரித்தது. காஜா அக்காவும் சிரித்துவிட்டாள். "வீட்டுல சண்டை இனிமேதான் பெரியம்மா!"

சிரிப்பு அடங்கியதும் காலர் பெண், காஜா அக்கா சொன்னதற்கு மெதுவாகக் கை தூக்கினாள். பிறகு இஸ்திரிக்காரர். பிறகு ஒவ்வொருவராக. மாஸ்டர் தூக்கவில்லை. மயிரிழையில் அவள் யோசனை நிறைவேறியது. புதுத் தலைவராக இஸ்திரிக்காரர் வந்தார். வாயைத் திறந்து நான்கு வார்த்தை பேசமாட்டார் என்பதால் அவருக்கு மௌனசாமி என்று பெயர்.

அதன்பின் மாஸ்டர் வீட்டில் தண்ணீரைக்கூடக் கேட்டு வாங்கவில்லை, தானே மொண்டு குடித்தார். அவளும் போய்ச் சமாதானம் பேசவில்லை. சொன்னது சரிதான் என்ற எண்ணமும், அவரைப் பார்க்கும்போதெல்லாம் எழுகிற வேதனையும் அவளுக்குள் சேர்ந்தே இருந்தன.

மௌனசாமி வந்த வேகத்தில் சறுக்கினார். ஒரு பள்ளி கேட்ட தேதிக்கு, யோசிக்காமல் தலையாட்டிவிட்டார். அந்தத் தேதிக்குள் பாதிச் சீருடைகூட முடியாது. "உன்னாலதான் இந்தக் கூத்து" என்று பெரியம்மா முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

மௌனசாமி மெஷின்களை நிறுத்தச் சொன்னார். நடுக்கூடத்தில் நின்று, "தப்பு என்னுது. என்ன பண்ணலாம்?" என்றார்.

முதலில் எல்லோரும் பழக்கதோஷத்தில் மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர், ராத்திரியும் பகலுமாக உட்கார்ந்து முடித்துவிடலாம் என்றார். "கைக்குழந்தைய வச்சிருக்கறவ நான் எங்க ராத்திரி உக்கார்றது?" என்றாள் காலர் பெண். மாஸ்டரிடம் அவள் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. "சின்னப் பிள்ளைங்க சட்டைய மட்டும் முதல்ல குடுப்போம். பெரிய பிள்ளைங்க பழசையே கொஞ்ச நாள் போட்டுக்கட்டும். பள்ளிக்கூடத்துல நானே போய்க் கேக்கறேன்."

ஆளுக்கொன்று பேசினார்கள், சந்தைக்கடை மாதிரி. கடைசியில் காலர் பெண் சொன்னதே முடிவாயிற்று. பள்ளிக்காரர்கள் முகம் சுளித்தார்கள், ஆனால் ஒத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷமும் இவர்களிடமே வருவார்கள் என்று சொல்ல முடியாது.

வேலை முடிந்து திரும்பும் வழியில் மாஸ்டர் வெகுநாள் கழித்துப் பேச்சுக் கொடுத்தார்.

"காலர் பொண்ணு சொன்னது எனக்குத் தோணவே இல்ல பாரு. எனக்குத் தெரிஞ்சது முதுகொடிய வேலை செய்யறது ஒண்ணுதான்."

"கோபம் போயிடுச்சா?"

"போகல." சற்றுத் தூரம் நடந்தார். "மௌனசாமிக்கு அப்புறம் நீயே தலைவரா இரேன்."

"ஐயோ, நானா? எனக்கு அதெல்லாம் ஒத்துவராதுங்க."

"அதென்ன, ஊருக்குத்தான் உபதேசமா?" மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

அவளுக்குப் பயமாக இருந்தது. இல்லை என்று மறுபடி சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. அவரோடு எட்டு வைத்து நடந்தாள்.