மூடியைக் கழற்றும் முன் எடுத்த படம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கோபத்தில் எழுதாதே என்பார்கள். ஆறிய பிறகு எழுதினால் எல்லார் பக்கமும் நியாயம் கண்டுபிடித்துவிடுவேன். அதனால் இன்றைக்கே எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: 'அந்த மெக்கானிக் தன் செல்போனை எடுத்து, திறந்து கிடந்த என்ஜினை' (இதற்குப் பிறகு இருந்ததை அடித்துவிட்டேன். காரணம் மூன்றாம் பகுதியில் வரும். பெருமைப்படும்படியானது இல்லை.)

2

என் அக்கா கார் மெக்கானிக். எதைக் கழற்றும் முன்னும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வாள். திரும்பப் பூட்டும்போது எந்தக் குழாய் எங்கே என்ற குழப்பம் வராது. பட்டறை முதலாளிக்கு இது இளக்காரம். படம் பார்த்துப் பூட்டுகிறவளுக்குத் தொழில் தெரியாதாம்.

இன்று காலை ஒரு வெள்ளைக் கார். என்ஜினின் மேல்மூடியில் விரிசல், அதன்மேல் பசை. போன தடவை அதைக் கழற்றி மாட்டியவர் சாட்சாத் முதலாளியேதான். அக்கா வழக்கம்போல் படம் எடுத்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட்டாள். மூடி இரண்டாகக் கையோடு வந்தது.

முதலாளி வண்டிக்காரருக்குப் போன் போட்டார். "எங்க பொண்ணு உடைச்சிடுச்சு சார்." நாக்குக் கூசவில்லை. பிறகு அக்காவிடம், படத்தை அழி, நாளைக்கு அவர் வரும்போது மன்னிப்புக் கேள், முடியாதென்றால் வேலைக்கு வராதே என்றார். அவர் கண்ணெதிரே அழித்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

3

முதல் வரைவை அக்கா படித்தாள். அதில் மெக்கானிக் ஆண். வாசகர் நம்ப வேண்டுமே என்று மாற்றியிருந்தேன்.

"அவர் படத்தத்தான் அழிக்கச் சொன்னார். நீ என்னையே அழிச்சிட்டியேடா," என்றாள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முதல் 'அவன்' வந்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் அடித்தேன்.

4

முடிவு ஒன்று: வண்டிக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு முதலாளியை வாங்கு வாங்கென்று வாங்குகிறார். (எழுத இனித்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது.)

முடிவு இரண்டு: அக்கா மன்னிப்பு (மேலே எழுதக் கை வரவில்லை.)

அழிப்பதற்கு முன் படத்தை எனக்கு அனுப்பியிருக்கிறாள். வண்டிக்காரரிடம் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"வேலை போனா நீயா குடுப்ப? கதையில வேணா எழுதிக்கோ."

எழுதிவிட்டேன். அந்த வெள்ளைக் கார் உங்களுடையதாக இருந்தால், நாளைக் காலை பத்து மணிக்கு ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு உங்கள் முன் வந்து நிற்பாள். அவள் வாய் திறப்பதற்குள் நீங்கள் முதலாளி பக்கம் திரும்பி, அந்தப் பசையைப் பூசியது யார் என்று