கோடு போட்ட பக்கம்

எங்கள் தையல் கடையில் அளவு நோட்டு என்று ஒன்று உண்டு. ஆளுக்கு ஒரு பக்கம். தோள், மார்பு, கை, கழுத்து, உயரம். ஓரத்தில் கட்டிங் மாஸ்டர் தன் கோழிக்கிறுக்கலில் சில ரகசியங்களும் எழுதிவைப்பார். 'இடது தோள் இறக்கம்.' 'தொப்பையை ஒப்புக்கொள்ள மாட்டார், சொல்லாமல் அரை அங்குலம் விடவும்.'

வாடிக்கையாளர் இறந்துபோனால் அந்தப் பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுப்பார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒரு கைக்குட்டைகூட வெட்டமாட்டார். மகனே வந்து, "அப்பா அளவுதான் எனக்கும்" என்றாலும் டேப்பை எடுத்துப் புதிதாக அளப்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை. நல்ல மாஸ்டர் கிடைப்பது அரிது; கிறுக்கையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

அந்த வழக்கத்தை உடைக்க வைத்தவன் நான்.

என் தங்கை வீட்டுக்காரர் குழாய் வேலை செய்பவர். ஊரே அவரை 'குழாய்' என்றுதான் கூப்பிடும். அவரும் திரும்பிப் பார்ப்பார். அவருடைய அண்ணன், மூன்று முறை எங்கள் வார்டு கவுன்சிலராக இருந்தவர். அவரை எல்லோருக்கும் 'பெரியவர்' என்றால் போதும். யார் வீட்டில் சாவு என்றாலும் மாலையோடு முதலில் நிற்பார். எதைக் கேட்டாலும் வலது கையை நெஞ்சில் வைத்து, "நான் இருக்கேன்ல, பாத்துக்கலாம்" என்பார். அவ்வளவுதான், அதற்கு மேல் எதுவும் நடக்காது.

பள்ளத்தெருவில் சாக்கடைக்கு மூடி கிடையாது. மழை பெய்தால் தெரு எது, குழி எது என்று தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் குழியில் இஸ்திரிக்காரம்மாவின் புருஷன் விழுந்தார். உள்ளே இறங்கிப் பிணத்தைத் தூக்கி வந்தது குழாய் மாப்பிள்ளைதான். வெளியே பெரியவர் மாலையோடு நின்றிருந்தார். நெஞ்சில் கை. "நான் இருக்கேன்லம்மா, பாத்துக்கலாம்." மூடி வரவில்லை. போன வருஷம் பெரியவரும் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

அந்த மூடிக்காகத்தான் மாப்பிள்ளை தேர்தலில் நின்றார். இஸ்திரிக்காரம்மாவின் வண்டி முன்னால் நின்று, "ஜெயிச்சா முதல் வேலை இதுதான்க்கா" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். எத்தனை அடிக் குழாய், எந்தப் பக்கம் சரிவு, எத்தனை மூடி என்று பன்னிரண்டு பக்கத்துக்குத் திட்டம் எழுதி அச்சடித்தார். படமெல்லாம் அவரே கையால் போட்டது.

முதல் வாரம் அந்தப் பன்னிரண்டு பக்கத்தோடு வீடு வீடாகப் போனோம். நானும் கூடப் போனேன். மாப்பிள்ளைக்கு வழக்கமான கட்டம் போட்ட சட்டை, காதில் பென்சில். ஒரு வீட்டில் திட்டத்தை வாங்கி அதன்மேலேயே குழந்தையை உட்கார வைத்தார்கள். இன்னொரு வீட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கதவைப் பாதி திறந்து கேட்டார்.

"நீங்க யாரு?"

"குழாய் ரிப்பேருங்க. நம்ம தெரு சாக்கடை சரிவு தப்பா இருக்கு சார், அதை…"

"அது கிடக்கட்டும். நீங்க யாரோட ஆளு?"

"பெரியவரோட தம்பி" என்றேன் நான், நடுவில் புகுந்து. கதவு முழுதாகத் திறந்தது. உட்கார நாற்காலி வந்தது. வாத்தியார் மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதே மூக்கு" என்றார். சரிவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எதிர்த்து நின்றவர் இன்னும் சுலபமாக வேலையை முடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அண்ணனும் இல்லை, திட்டமும் இல்லை. தெரு முனையில் நின்று, "நம்மாளு நான்" என்பார். யாருக்கு நம்மாளு, எதில் நம்மாளு என்று கேட்கவேண்டியவர்கள் கை தட்டினார்கள்.

நான் அப்பாவின் துணிக்கடையில் பிறந்து வளர்ந்தவன். வருகிறவர்கள் துணியைத் தொடுவதற்கு முன் ஓரத்தில் அச்சடித்த பேரைத்தான் பார்ப்பார்கள். பேர் தெரிந்ததாக இருந்தால் துணி தானாக மெத்தென்று ஆகிவிடும். இருபது வருஷமாக இதைப் பார்த்தே சோறு தின்கிறேன். அன்றைக்குக் கடைக்கு வந்ததும் அளவு நோட்டை எடுத்துப் பெரியவரின் பக்கத்தைப் புரட்டினேன். குறுக்கே கோடு.

"இதைப் பாத்து ஆறு சட்டை வெட்டுங்க மாஸ்டர். வெள்ளை. அதே காலர், அதே ரெண்டு பை."

"யாருக்கு?"

"மாப்பிள்ளைக்கு."

"அவர் அளவு வேற பக்கத்துல இருக்கு. தோள் பதினேழு. பெரியவர் பதினெட்டரை."

"தெரியும். பஞ்சு வச்சு நிமித்துங்க."

மாஸ்டர் கத்தரியை மேசைமேல் வைத்தார். "கோடு போட்ட பக்கம்யா அது."

"ஓட்டுப் போடுறவனுக்குக் கோடு தெரியுமா? சட்டைதான் தெரியும்."

அரைமணி நேரம் பேசினேன். பேரம் என்றால் எனக்குச் சொல்லியா தர வேண்டும்? கடைசியில் மாஸ்டர் வெட்டினார். வெட்டும்போது நோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே வெட்டினார்.

மாப்பிள்ளை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "என்ன மச்சான், நாடகமா?" என்று சிரித்தார். சட்டை அவர்மேல் ஹேங்கரில் தொங்குவது போலத் தொங்கியது. "பத்து நாள்தானே மாப்பிள்ளை. ஜெயிச்சதும் கழட்டிப் போட்டுட்டு உங்க குழாயைப் போடுங்க" என்றேன். மூடியை நினைத்திருப்பார் போல. போட்டுக்கொண்டார்.

மறுநாள் பள்ளத்தெருவில் இறங்கியதும் ஒரு கிழவி கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள். கூட்டம் சேர்ந்தது. ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்தார்கள். "பெரியவரே வந்துட்டாரு!" மாப்பிள்ளை திட்டத்தை நீட்டினார், யாரும் வாங்கவில்லை. ஒருவன் தன் அம்மா சாவுக்கு அவர் வந்ததைச் சொல்லி அழுதான். வந்தது அண்ணன், இவர் இல்லை. மாப்பிள்ளை வாயைத் திறந்தார், மூடினார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் வலது கையைத் தூக்கி நெஞ்சில் வைத்தார்.

தெரு ஒரு நிமிஷம் அடங்கியது. 'விற்றுப்போய்விட்டது சரக்கு' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இஸ்திரிக்காரம்மா மட்டும் வண்டியை விட்டு நகரவில்லை. துணியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "பெரியவருக்கு மூணு தடவை ஓட்டுப் போட்டேன். இந்தத் தடவை உனக்குப் போடலாம்னு இருந்தேன் தம்பி. நீ எங்க?"

மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வந்தது, ஆனால் அது அவர் சிரிப்பு இல்லை.

இரண்டாம் வாரம் சட்டைகள் துவைத்துக் கடைக்கு வந்தன. மாஸ்டர் ஒன்றை எடுத்துத் தோளைத் தடவினார்.

"பஞ்சை யார் எடுத்தது?"

"புழுக்கமா இருக்குன்னு மாப்பிள்ளையே பிரிச்சுட்டாராம். ஏன்?"

"நேத்து தெருவுல பாத்தேன். தோள் தொங்கலையே."

"பிரச்சாரத்துல நல்லா சாப்பிடுறாரு."

"சாப்பிட்டா வயிறு பெருக்கும்யா. எலும்பு பெருக்குமா?"

நான் கல்லாப் பக்கம் திரும்பிக் காசை எண்ண ஆரம்பித்தேன். கடையில் அப்போது கூட்டமும் இல்லை.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் காலையில் தங்கை வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. கல்லாவுக்கு முன்னால் நின்று முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அவரோட கட்டம் போட்ட சட்டையைக் காணோம். இங்க இருக்கா?"

"இல்லையே. எதுக்கு?"

"இன்னைக்குக் காபி கொடுத்தேன். வாங்கிட்டு, 'சூடா இருக்கே சின்னவளே'ன்னாரு."

எனக்குப் புரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளை அப்படிக் கூப்பிட்டவர் ஒருவர்தான். பெரியவர்.

"விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாரு."

"நானும் அப்படித்தான்ணே நெனச்சேன். சிரிச்சேன். எதுக்கு சிரிக்கிறேன்னு கேக்குறாரு." சுருட்டிய முந்தானையை விட்டாள். "தேர்தல்ல தோத்துப் போகட்டும்ணே. எனக்கு அது போதும்."

தோற்கவில்லை. பெரியவர்கூட ஒருநாளும் வாங்காத வித்தியாசத்தில் ஜெயித்தார். மாலையும் வெடியும் ஓய்ந்து நாலாம் நாள், மத்தியான வெயிலில் கடைக்கு வந்தார். கூடப் பத்துப் பேர். பதவி ஏற்புக்குப் புதுச் சட்டை தைக்க வேண்டுமாம்.

"அளவு எடுங்க மாஸ்டர்" என்றேன். எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

மாஸ்டர் டேப்பை அவர் முதுகில் வைத்தார். ஒருமுறை பார்த்தார். எடுத்து உதறி மறுபடி வைத்தார். "பதினெட்டரை" என்றார் மெதுவாக. கை, கழுத்து, மார்பு எல்லாம் சொல்லிக்கொண்டே போனார். நான் எழுதவில்லை. எழுதத் தேவையில்லை, அந்த எண்களெல்லாம் ஏற்கெனவே நோட்டில் இருந்தன.

அப்போதுதான் இஸ்திரிக்காரம்மா வந்தாள். கையில் அந்தப் பன்னிரண்டு பக்கம். மடிப்பு விழாமல் பெட்டி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள்.

"தம்பி, மழை மாசம் வருது. மூடி எப்போ போடுவே?"

அவர் திட்டத்தை வாங்கிப் பார்த்தார். தன் கையால் வரைந்த படத்தை, வேற்றுமொழிப் பத்திரிகையைப் பார்ப்பது போல அப்படியும் இப்படியும் திருப்பினார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

'சரிவு' என்று ஒரு சொல், 'மூன்றடிக் குழாய்' என்று ஒரு சொல் அந்த வாயிலிருந்து வந்தால் போதும், இந்தக் கடையையே எழுதித் தருகிறேன் என்று யாரிடமோ பேரம் பேசினேன். எதிர்ப்பக்கம் யாரும் இல்லை.

அவர் வலது கையை நெஞ்சில் வைத்தார்.

"நான் இருக்கேன்லம்மா. பாத்துக்கலாம்."

இஸ்திரிக்காரம்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவார்களே, அதுபோலப் படியிறங்கிப் போனாள்.

மாஸ்டர் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேசைக்கு வந்தார். என் கையிலிருந்து நோட்டை வாங்கிப் புரட்டினார். தோள் பதினேழு என்று இருந்த பக்கத்தில் நிறுத்தினார். ஓரத்தில் அவரே எழுதியது: 'காதில் பென்சில் வைப்பார், காலர் உயரம் குறைக்கவும்.'

ஸ்கேலை மூலைக்கு மூலை வைத்துக் கோடு இழுத்தார். நான் தடுக்கவில்லை.