ஊதாவை மஞ்சளாக்கும் பெரணி

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும், ஒத்துக்கறேன். ஆனா அன்னைக்கு யாரா இருந்தாலும் கத்தியிருப்பாங்க.

என் மாமா நாட்டு வைத்தியர். தீக்காயத்துக்கு அவர் அரைச்சுப் போடற பெரணி இலையில ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கான்னு பார்க்கறதுதான் என் ஆராய்ச்சி. சோதனை சுலபம். ஊதாக் கரைசல்ல இலைச்சாறை விடணும். சரக்கு இருந்தா ஊதா வெளுத்து மஞ்சளாகும். ஒப்பிட்டுப் பார்க்க, சாறு கலக்காம வெறும் மெத்தனால் விட்ட குழாய் மட்டும் ஊதாவாவே நிக்கணும். ஏற்கெனவே ரெண்டு தடவை சொதப்பியாச்சு. "இன்னைக்கும் வரலேன்னா தலைப்பை மாத்திடு"ன்னு பேராசிரியர் கறாரா சொல்லிட்டார். மாமா வேற புதுச் சட்டை போட்டுக்கிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

குழாய்ங்களை வச்சு மூடியிருந்த இருட்டுப் பெட்டியை அரை மணி நேரம் கழிச்சுத் திறந்தேன். எல்லாக் குழாயும் மஞ்சள்!

"பாத்தியா, எல்லாமே ஜெயிச்சிடுச்சு!" மாமா கைதட்டினார்.

"ஐயோ மாமா, ஒண்ணு தோத்தாத்தான் நாம ஜெயிச்சதா அர்த்தம்!" எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்தது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைச்சார். அவர் அப்படிச் செஞ்சா கதை முடிஞ்சதுன்னு அர்த்தம்.

வெறும் மெத்தனால் எப்படி மஞ்சளாக்கும்? அதை ஊத்தி வச்சிருந்த பீக்கரை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தேன். அடியில பழுப்பு வளையம்.

"இதுல யாருடி டீ குடிச்சது?"

என்கூட ஆராய்ச்சி பண்றவ, நாங்க 'அவசரம்'னு கூப்பிடறவ, கூரையைப் பார்த்தா. "கழுவினேன்டி... ஒரு தடவை."

"அறிவிருக்கா உனக்கு? பீக்கர்ல போய் எவனாவது டீ குடிப்பானா?"

பேராசிரியர் இருமினார். தன் மேசையில ஆவி பறந்துக்கிட்டிருந்த பீக்கரை மெதுவா ஃபைலுக்குப் பின்னால தள்ளினார். "சரி சரி, புது பீக்கர்ல இன்னொரு தடவை செய்."

செஞ்சேன். பெரணிக் குழாய்ங்க மஞ்சள். வெறுங்குழாய் ஊதாவா கம்பீரமா நின்னுது. மாமாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்.

அவசரம் சும்மா இருப்பாளா? இன்னொரு குழாய்ல துளி டீயை விட்டா. விட்ட உடனே மஞ்சள்!

மாமா முகம் தொங்கிப்போச்சு. "அப்போ என் பெரணியைவிட டீ உசத்தியா?"

"தீக்காயத்துல டீயையா ஊத்துவீங்க? காயத்தை எது ஆத்தும்னு இந்தக் குழாய் சொல்லாது மாமா. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னும் மூணு வருஷம் வேணும்."

பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கிட்டார். "தலைப்பு இதேதான். ஆனா மூணெல்லாம் கிடையாது. ரெண்டுல முடி."

அப்போதான் நான் நிஜமாவே அழுதேன்.