அனுஷியாவின் பாரம்

றமீஸா எடுத்த அந்தப் படத்தை நின்று பார்த்தவர்களுக்கெல்லாம் வலது தோள் கனத்தது. மாத்தளையில் இதை இப்போது யாரும் மறுப்பதில்லை. கைப்பேசியில் விரலால் தள்ளிக்கொண்டு போனவர்களுக்கும், சிவப்பு இதயத்தை அழுத்திவிட்டு அடுத்ததற்குத் தாவியவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. படத்தில் கம்பளிக்குள் கிடந்த பெண்ணின் முகம் வரைக்கும் பார்வையைக் கொண்டுபோனவர்களுக்கு மட்டும், கண்ணுக்குத் தெரியாத ஒரு மூங்கில் தோளில் வந்து உட்கார்ந்தது. முதலில் உட்கார்ந்தது றமீஸாவின் தோளில்தான்.

அவளுக்குத் திருகோணமலை வீதியில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. அடையாள அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் படம் பிடிப்பாள். வருமானம் என்னவோ கல்யாண வீடுகளிலிருந்துதான். பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற அந்த ஆண்டில், டீசல் வைத்திருந்த ஒரு வீட்டார் கல்யாணச் சோடியைத் தேயிலைக்கு நடுவே படம் பிடிக்க வேண்டுமென்று அவளை வேனில் ஏற்றி எல்கடுவைக்குக் கொண்டுபோனார்கள். மழை விட்டிருந்தது. மணப்பெண் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றபோது, தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து இறங்கும் உடைந்த பாதையில் நாலு பேர் வந்தார்கள். மூங்கிலில் கட்டிய கம்பளி. அதற்குள் பிரசவ வலியில் ஒரு பெண். வழக்கமாக அவசரத்துக்கு ஏற்றிப்போகும் தோட்டத்து லொறி எண்ணெயில்லாமல் நின்றது. எண்ணெய் இருந்தாலும் அந்தப் பாதையில் ஏறியிருக்காது. றமீஸா ஒரே ஒரு படம் எடுத்தாள். அடுத்த கணம் பின்னால் பிடித்து வந்த பெண் சறுக்கி விழ, இவள் கமராவை மணப்பெண்ணிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் மூங்கிலுக்குத் தோள் கொடுத்தாள். வேன் வரைக்கும் தூக்கினார்கள். கல்யாணச் சோடிக்கான வேனில், மணப்பெண்ணின் மடியில் தலைவைத்துத்தான் அந்தப் பெண், அனுஷியா, மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போனாள். தாய் பிழைத்தாள். குழந்தை வழியிலேயே அடங்கிவிட்டது.

மூங்கிலை இறக்கிவைத்த பிறகும் றமீஸாவின் தோளில் பாரம் அப்படியே இருந்தது. தடவுவதற்கு எண்ணெய், பிறகு பிளாஸ்டர், பிறகு எக்ஸ்ரே. எலும்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். அவள் ஒரு பக்கம் சாய்ந்தபடி சமைத்தாள், சாய்ந்தபடி தொழுதாள், சாய்ந்தபடி மற்றவர்களின் கல்யாணங்களைப் படம் பிடித்தாள். அந்த மாதப் படங்களெல்லாம் கொஞ்சம் சரிந்தே இருக்கும். ஒரு நாள் கணவர் ஸுஹைல், மிளகுக் கடையிலிருந்து சாப்பிட வந்தவர், கணினியில் திறந்து கிடந்த படத்தைக் குனிந்து பார்த்தார்.

"இந்தப் புள்ள யாரு?" என்று கேட்டுக்கொண்டே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கும் பாரம் தெரியிதா?"

"தெரியாம என்ன. மூட்டை தூக்கின மாதிரி ஈக்குது."

அந்த நேரமே றமீஸாவின் தோள் பாதி லேசானது. பல வாரங்களுக்குப் பிறகு அன்று அஸர் தொழுகைக்கு அவள் நிமிர்ந்து நின்றாள். கணவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. இன்னும் பலர் பார்த்தால் இருவருக்கும் குறையும் என்பது சொல்லாமலே விளங்கிற்று. ஆனால் அனுஷியாவைக் கேட்காமல் படத்தை வெளியே போட அவளுக்கு மனம் வரவில்லை. பஸ் ஏறி எல்கடுவைக்குப் போய், அங்கிருந்து நடந்து, தோட்டத் தொழிலாளரின் லயத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அனுஷியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அனுஷியா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டே மீதி அரிசியைப் புடைத்து முடித்தாள்.

"படத்துல மொகம் தெரியுதாக்கா?"

"தெரியிது."

"அப்பப் போடுங்க. மொகம் தெரியாட்டி யாரோ எவரோன்னு போயிருவாங்க. எனக்கு மட்டும் காட்டாதீங்க. நான் இன்னும் அதுக்குள்ளதான் கெடக்கேன்."

றமீஸா படத்தை இணையத்தில் போட்டாள், பெரிதாக அச்சிட்டு ஸ்டூடியோக் கண்ணாடிக்குள்ளும் மாட்டினாள். கலேவெல பஸ்ஸுக்கு நிற்கும் மரக்கறி வியாபாரிகள் முதலில் பார்த்தார்கள். ஒரு பிக்கு பார்த்துவிட்டு, குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள் பை இன்றைக்குக் கனக்கிறது என்றார்கள். சில மாதங்களில் ஜும்ஆ தொழுகை வரிசை லேசாக வலப்பக்கம் சாய்ந்து நின்றது. மாசி மகத்தன்று முத்துமாரியம்மன் தேரின் வடம் ஒரே பக்கமாக இழுபட்டதால், படத்தைப் பார்க்காத ஆட்களாகத் தேடி மறுபக்கத்தில் நிறுத்த வேண்டி வந்தது. பக்கத்துப் புடவைக்கடைக்காரர் றம்ஸி, வருகிறவர்களெல்லாம் தோளைத் தடவிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள், வியாபாரம் படுத்துவிட்டது என்று சண்டைக்கு வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் படத்தில் பட்டுவிட்டது. மறுநாள் கடைக்கு முன்னால், வருகிறவர்கள் உட்கார ஒரு வாங்கு போட்டுவைத்தார்.

ஆனால் மறந்தவர்களின் தோளிலிருந்து பாரம் இறங்கிவிடும். இறங்கியது வேறெங்கும் போகாது, றமீஸாவிடம்தான் வரும். பண்டிகைக் காலங்களிலும் தேர்தல் காலங்களிலும் அவள் படுக்கையை விட்டு எழும்புவதே பெரும்பாடு. படத்தைத் திரும்பக் கொண்டுபோய் நீட்ட வேண்டும், திரும்பச் சொல்ல வேண்டும். கொழும்பில் ஒரு கண்காட்சிக்குக் கேட்டார்கள். பார்த்தவர்கள் அழுதார்கள், அவளோடு நின்று செல்ஃபி எடுத்தார்கள், திரும்பும் ரயில் கண்டியைத் தாண்டும்போதே அவர்களில் பாதிப்பேர் மறந்துவிட்டது அவளுக்குத் தோளில் தெரிந்தது. "நான் என்னத்தக் கண்டேன், ஒரு கல்யாணத்துக்குத்தானே போனேன்" என்று ஸுஹைலிடம் சொன்னாள். அவர் படத்தின் முன்னால் போய் இன்னொரு தரம் நின்றார்.

பாதைகளுக்குப் பொறுப்பான அலுவலகத்தில் மகாலிங்கம் என்றொரு அதிகாரி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுக்குக் கிட்டியவர். றமீஸா படம் வைத்த உறையோடு உள்ளே வந்ததுமே கையை உயர்த்தினார்.

"பிள்ளை, உதைக் கவிட்டு வையுங்கோ. எனக்கு உந்தப் படம் தேவையில்லை. உந்த றோட்டுக்கு எத்தினை வருசமா எழுதிறன் தெரியுமோ? தோட்டம் எண்டால் பிரதேச சபை தங்கடை இல்லை எண்டும். சபையைக் கேட்டால் தோட்டத்தைக் கைகாட்டும்."

"ஒருக்காப் பாருங்க சேர்."

"பாத்தால் மறக்கேலாது எண்டு சொல்லினம். எனக்கு ஏற்கெனவே மறக்கேலாத படங்கள் கனக்கக் கிடக்கு."

அவர் போர்க் காலத்தைச் சொல்கிறார் என்று அவளுக்கு விளங்கியது. வற்புறுத்தவில்லை. உறையை மேசையில் வைத்துவிட்டு வந்தாள். அது அங்கேயே கவிழ்ந்து கிடந்தது. மகாலிங்கம் அதன் மேல் தேத்தண்ணிக் கோப்பை வைத்தார், கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகொரு பின்னேரம், எல்லோரும் போனபின், ஏனென்று அவருக்கே தெரியாமல் உறையைப் பிரித்துப் பார்த்தார். அந்த நேரத்தில் றமீஸா ஸ்டூடியோவில் ஒரு குழந்தையைப் பாஸ்போட்டுக்குச் சிரிக்காமல் இருக்க வைத்துக்கொண்டிருந்தாள். தோள் சட்டென்று லேசாகியது. ஆயிரம் பேர் பார்த்தபோதும் அப்படிக் குறைந்ததில்லை. ஏற்கெனவே சுமந்து பழகியவர்கள் கூடுதலாகத் தூக்குவார்கள் போலும்.

மறு வாரக் கூட்டத்தில் மகாலிங்கம் படத்தை மேசை நடுவில் நிமிர்த்தி வைத்தார். தோட்டத்து ஆள், சபை ஆள், காணி ஆள், எல்லோரும் இருந்தார்கள். பாதை யாருடையது என்ற பேச்சு வழக்கம்போலத் தொடங்கியது. ஆனால் அன்று கூட்டத்தை ஒத்திவைக்க முடியவில்லை, ஏனென்றால் எழுந்து போக யாருக்கும் தோள் இடம் கொடுக்கவில்லை. பகல் சாப்பாடும் உள்ளேயே வந்தது. பொழுது சாய்வதற்குள் கையெழுத்துகள் விழுந்தன. அதற்குப் பிறகும் எல்லாம் உடனே நடந்துவிடவில்லை. சீமெந்து விலை ஏறியது, பாதை போட வந்த கொந்தராத்துக்காரர் பாதியில் காணாமல் போனார், ஒரு மழையில் போட்டதில் கொஞ்சம் கழுவிக்கொண்டு போனது. மகாலிங்கம் ஓய்வு பெற்று, பாரத்தோடேயே ஊருக்குப் போனார். பாதையின் கடைசித் துண்டை, தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்களும் அவர்களுடைய ஆண்களும் கல் சுமந்து முடித்தார்கள். ஆம்புலன்ஸ் முதன்முதலாக மேல் டிவிஷனுக்கு ஏறியபோது லயத்தில் யாருக்கும் நோயில்லை. சும்மா ஏறிப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அடுத்த மாதத்தில் இரண்டு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பிறந்தன.

பாதை வந்தால் பாரம் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். போகவில்லை. பாதையைத்தானே போட்டார்கள், போன குழந்தை போனதுதானே. றமீஸா களைத்துப்போய், புதுப் பாதையில் ஒரு திறீவீலரில் ஏறி அனுஷியாவைப் பார்க்கப் போனாள். இரண்டு பேரும் அதே வாசலில் உட்கார்ந்தார்கள்.

"ஒங்களுக்கு இன்னும் வலிக்குதாக்கா?"

"வலிக்குது. பழகிட்டு."

"நான் அம்புட்டுப் பாரமாவா இருந்தேன்?"

"நீ இல்ல, அனுஷியா."

அனுஷியா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "கொண்டாந்திருக்கீங்களா? காட்டுங்க. இப்பப் பாக்கலாம்."

றமீஸா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அனுஷியா அதைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். முதலில் முன்னால் தூக்கி வந்த தன் அண்ணனை, பிறகு மூங்கிலை, பிறகு தன் முகத்தை. வெகுநேரம் பார்த்தாள். அவளுடைய தோளில் எதுவும் இறங்கவில்லை. எழுந்து நின்றபோது பாதங்கள் தரையைத் தொடவில்லை. நாலு விரல் உயரத்தில் நின்றன. அவள் சுவரைப் பிடிக்கவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை.

"யாரோ புடிச்சிருக்காங்க" என்றாள்.

"நெறையப் பேரு" என்றாள் றமீஸா.

இப்போதும் அனுஷியா அப்படித்தான் கொழுந்தெடுக்க மலைக்குப் போகிறாள். கங்காணி முதல் நாள் தலையைச் சொறிந்துவிட்டு, கொழுந்து நிறை சரியாக இருக்கிறதென்று விட்டுவிட்டார். ஊர் மறக்கத் தொடங்கும் மாதங்களில் அவள் கொஞ்சம் தாழ்வாள், பெருவிரல் மண்ணைத் தொடும்; அப்போது கீழே மாத்தளைக்கு ஒரு அழைப்பு எடுத்து, "அக்கா, எறங்குறேன்" என்பாள். றமீஸா பெருமூச்சு விட்டு, தோளைச் சரிசெய்துகொண்டு, படத்தோடு கிளம்புவாள். மற்றபடி விசேஷமில்லை. மழைக்காலத்தில் அனுஷியாவின் காலில் மட்டும் அட்டை ஏறுவதில்லை என்று கூடவே கொழுந்தெடுக்கும் பெண்களுக்குக் கொஞ்சம் பொறாமை.